நேராக இருந்த இலை

“செத்தவங்களுக்காக வேலை பாக்குறீங்களா, இருக்கறவங்களுக்காகப் பாக்குறீங்களா?” என்று பிணவறைக் காவலாளி ஒருவர் முன்பு எப்போதோ, துப்பறியும் தொழில் பார்க்கும் டீச்சரிடம் கேட்டார். யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்காக என்று டீச்சர் பதில் சொன்னார். காவலாளிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இங்கே படுத்திருப்பவர்கள் யாரும் கூப்பிட மாட்டார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

இந்த வழக்கில் இறந்தவர்கள் நான்கு பேர். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாரம், ஒரே ஊசி மருந்து. நெஞ்சில் சளி கட்டிச் சீழ் பிடித்தவர்களுக்குப் போடுகிற மருந்து அது. குப்பிக்குள் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர். ஆனால் மூடிமேல் ஒட்டியிருந்த பளபளப்பான முத்திரை அசல் படலத்தில் செய்தது. அந்தப் படலத்தைச் செய்வது ஒரே ஒரு தொழிற்சாலை. அங்கே அந்த ஆர்டரை ஓட்டுவது ஒரே ஒரு ஆபரேட்டர். போலீஸுக்கு வேலை அதோடு முடிந்துவிட்டது. அவனைப் பிடித்து மூன்று நாள் ஆகிறது. அவன் வாயைத் திறக்கவில்லை. போலீஸ் காவல் முடிந்து இன்று மாலை நாலு மணிக்கு மறுபடி கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். பேசாதவன் தலையில் நாலு சாவையும் ஏற்றிவிடுவது சுலபம்.

டீச்சரைக் கூப்பிட்டது அவன் மனைவி. எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேற்று வந்தாள். கூடவே அவளுடைய அண்ணன் வந்திருந்தான். அவன் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். தங்கையைவிட அவன்தான் அதிகம் அழுதான். அவள் அழவே இல்லை.

“அவர் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்ல. எப்படியாவது வெளிய கொண்டுவாங்க” என்று மட்டும் சொன்னாள்.

காலை பத்தரைக்கு டீச்சரும் ரைட்டும் தொழிற்சாலைக்குப் போனார்கள். ரைட்டு இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே டீச்சரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார். டீச்சருக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. கணக்குப் பாடம் நடத்துவதை விட்டுப் பத்து வருடம் ஆகியும் டீச்சர் என்ற பட்டம் மட்டும் போகவில்லை.

உள்ளே போகும் முன் தலைக்குத் துணித் தொப்பியும் காலுக்கு உறையும் வெள்ளை அங்கியும் கொடுத்தார்கள். ரைட்டு சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

“ஆபரேஷன் பண்ணப் போறோமா டீச்சர், பண்ணிக்கப் போறோமா?”

“பேசாம வாங்க. ஒரு தூசி விழுந்தா நூறு மீட்டர் படலம் வீணாம்.”

“அப்ப நான் ஒரு தும்மல் போட்டா கம்பெனியையே மூடிடுவாங்க.”

முதலாளியம்மா அவர்களை மிஷினுக்கு அழைத்துப் போனார். ஒல்லியான பெண்மணி. மூன்று நாளாகத் தூங்காத கண்கள். எதையும் மறைக்கிற ஆள்போல் தெரியவில்லை. ஆனால் டீச்சர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார், ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை.

படலம் எப்படி உருவாகிறது என்று டீச்சர் கேட்டார். முதலாளியம்மா மேஜையிலிருந்து இரண்டு டிரேசிங் தாளை எடுத்தார். ஒன்றில் ஓர் இலையின் இடது பாதியை வரைந்தார், மற்றதில் வலது பாதியை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்ததும் முழு இலை வந்தது. இவ்வளவுதான் என்றார். தாளுக்குப் பதிலாகத் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். பென்சிலுக்குப் பதிலாக உலோகம். காற்றே இல்லாத பெட்டிக்குள் அலுமினியத்தைக் கொதிக்கவைத்தால் அது ஆவியாகிப் படலத்தில் படிகிறது. பாதி இலை வடிவத்தில் மேலே மெழுகுபோல் ஒன்றைப் பூசிவிட்டு மற்ற இடத்தை மருந்துத் தண்ணீரில் கழுவிவிடுகிறார்கள். மிஞ்சுவது வெள்ளிநிறப் பாதி இலை. அதேபோல இன்னொரு படலத்தில் செம்புநிறப் பாதி இலை. இரண்டையும் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு ஒட்டினால் முத்திரை தயார்.

சொல்லும்போது சுலபம்தான். செய்யும்போது சூட்டில் ஒரு படலம் கொஞ்சம் இழுபடும், மற்றது இழுபடாது. நிமிடத்துக்கு நாற்பது மீட்டர் ஓடும்போது இரண்டு பாதியும் இலை நரம்பில் வந்து சேர வேண்டும். அதற்காக ஓரத்தில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் அச்சாகியிருக்கின்றன. கேமரா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் அட்டை உண்டு. அதைச் செருகினால் எந்தக் குறி எங்கே நிற்க வேண்டும் என்று மிஷினுக்குத் தெரியும்.

“அட்டை எங்க இருக்கும்?”

“என் மேஜை டிராயர்ல. காலைல கையெழுத்துப் போட்டு வாங்குவான், சாயங்காலம் திருப்பிக் குடுப்பான்.”

டீச்சர் பையிலிருந்து இரண்டு சின்னக் காகித உறைகளை எடுத்தார். ஒன்றில் மருந்துக் கடையில் வாங்கிய அசல் குப்பியின் முத்திரை. மற்றதில் நாலாவதாக இறந்தவரின் கட்டிலுக்கடியில் கிடந்த குப்பியின் முத்திரை. நர்ஸ் ஒருவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இரண்டையும் வெளிச்ச மேஜைமேல் வைத்துவிட்டு, எது எது என்று சொல்லாமல் ரைட்டிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

ரைட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெறும் கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கண்ணாடி வழியே பார்த்தபோது ஒன்றில் இலை ஒரே இலையாக இருந்தது. மற்றதில் வெள்ளிப் பாதி செம்புப் பாதியைவிட இரண்டு முடி அகலம் கீழே இறங்கியிருந்தது.

“இது பிறக்கும்போதே இடுப்பு ஒடிஞ்சது” என்று அதைத் தொட்டார். “இதுதான் போலி. நல்ல நோட்டையும் கள்ள நோட்டையும் ஓடற பஸ்ல, ஒத்தைக் கால்ல நின்னு கண்டுபிடிச்சவன் நான்.”

“அது கடையில வாங்கினது” என்றார் டீச்சர். “கோணலா இருக்கறதுதான் அசல். நேரா இருக்கறதுதான் நாலு பேரைக் கொன்னது.”

முதலாளியம்மா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

கோணல் வேண்டுமென்றே வைத்தது. ஒன்பது மாதம் முன்பு மருந்துக் கம்பெனியோடு பேசி முடிவு செய்தது. போலி செய்கிறவன் எப்போதும் நேராகத்தான் செய்யப் பார்ப்பான். கோணலைப் பார்த்தாலும் ஏதோ பிசகு என்று நினைத்துத் திருத்திவிடுவான். அங்கே மாட்டிக்கொள்வான். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: முதலாளியம்மா, மருந்துக் கம்பெனியில் ஒருவர், ஆபரேட்டர். மற்ற யாருக்கும் தெரியாது. பரிசோதனை மேஜைக்காரர்களுக்குக்கூட இவ்வளவு கோணல் இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

ரைட்டு தொப்பியைக் கழற்றினார். “அப்ப ஆபரேட்டர் ஓட்டியிருந்தா கோணலா ஓட்டியிருப்பான். போலி அசலா தெரியணும்னுதானே யாரும் ஓட்டுவாங்க. இது உங்களுக்கு மூணு நாளா தெரியும்.”

முதலாளியம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். வெளியே சொன்னால் கோணல் ரகசியம் ஊருக்கே தெரிந்துவிடும்; கடைகளில் இருக்கும் ஒவ்வொரு குப்பிக்கும் காவல் போய்விடும். கம்பெனிக்காரர்களும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் போனால் இருநூறு பேர் வீட்டுக்குப் போவார்கள். இதையெல்லாம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். ஏற்கெனவே தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருப்பார் போல.

“அவனும் சொல்லலையே” என்றார் கடைசியில். “போலீஸ் அந்த முத்திரையை அவன்கிட்ட காட்டியிருக்காங்க. பாத்த உடனே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். இது நான் ஓட்டினது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்?” என்று டீச்சர் கேட்டார்.

உருளைகள் ஓடும் சத்தம் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்தது.

அட்டை இல்லாமல் மிஷினை ஓட்ட முடியுமா என்று டீச்சர் கேட்டார். முடியும், பக்கவாட்டில் இரண்டு திருகு இருக்கிறது, கண்ணால் பார்த்துக் கையால் திருக வேண்டும். பத்து மீட்டருக்குள் கை நடுங்கினால் இலை உடைந்துவிடும். ஒரு முழு ரோல் இப்படி நேராக ஓட்டுவது எல்லாராலும் ஆகிற காரியம் இல்லை.

“யாரால ஆகும்?”

“இங்க ரெண்டு கைக்குத்தான் ஆகும். ஒண்ணு உள்ள இருக்கு.” முதலாளியம்மா கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு அவனைவிட நல்ல கை. பிரசவத்துக்குப் போயி பதினொரு மாசமாச்சு, திரும்பி வரல. கோணல் வந்தது அதுக்கப்புறம். உங்களை இங்க அனுப்பினவதான்.”

ரைட்டு கழற்றிய தொப்பியை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டார்.

வாரத்தில் ஒருநாள் தொழிற்சாலைக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும்தான் ஆள் இல்லாமல் மிஷின் கிடைக்கும். வெளியே வந்ததும் டீச்சர் வாசல் காவலாளியிடம் வருகைப் புத்தகத்தைக் கேட்டார். அவர் அதைப் பெருமையாகத் திறந்து காட்டினார். ஆள், வண்டி, சரக்கு என்று மூன்று பத்தி. அடிக்கோல் வைத்துப் போட்ட கோடுகள். விடுமுறை நாட்கள் எல்லாம் காலி. மூன்று மாதம் முன்பு ஒருநாள் மட்டும், ஸ்டோர் கீப்பர், சரக்குச் சரிபார்ப்பு, உள்ளே மூன்று மணி நேரம் என்று இருந்தது.

டீச்சர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ரைட்டு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலி, ஒரு டார்ச், ஒரு சாவி வளையம். சாவி வளையத்துக்குப் பக்கத்து ஆணியில் விரல் நீளத்துக்கு மஞ்சள் காலுறை ஒன்று தொங்கியது. ஒற்றைக் காலுறை.

“பேரப்பிள்ளையா அண்ணே?”

காவலாளி சிரித்தார். தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றார்.

“அப்ப இது யாரோடது?”

ஸ்டோர் கீப்பருடைய தங்கையின் குழந்தை விட்டுவிட்டுப் போனது என்றார். அன்றைக்கு விடுமுறை. அண்ணனும் தங்கையும் உள்ளே போய் ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தூசி ஆகாதென்று குழந்தையை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று மணி நேரமும் சமத்தாக இருந்தது, தன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டே தூங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று காலுறையைத் துவைத்து மாட்டிவைத்திருந்தார்.

“புத்தகத்துல அவங்க பேர் இல்லையே?”

“நம்ம ஆபரேட்டர் சம்சாரம்தானே, பழைய ஆளு. அதை எதுக்கு எழுதறது. குழந்தையை எந்தப் பத்தியில எழுதறது?”

“கைக்குழந்தைக்கு எங்க பஸ்லயும் டிக்கெட் கிடையாது” என்றார் ரைட்டு. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

திரும்ப உள்ளே போய்ப் பார்த்த ஸ்டோர் பதிவேட்டில் அதே வாரத்தில், ஈரம் பட்டு வீணானது என்று வெள்ளிப் பாதியில் ஒரு ரோலும் செம்புப் பாதியில் ஒரு ரோலும் கழிக்கப்பட்டிருந்தன. கையெழுத்து ஸ்டோர் கீப்பருடையது. ஸ்டோருக்குள் சொட்டுத் தண்ணீர் வர வழியில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் முதலாளியம்மாவே நகல் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை. ஜன்னல் கம்பியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் தரையில் உட்கார்ந்து குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். லீவு போட்டுவிட்டுத் தங்கைக்குத் துணையாக வந்ததாகச் சொன்னான். மாப்பிள்ளைக்கு ஏதாவது வழி பிறந்ததா என்று கேட்டான்.

டீச்சர் ஜன்னலோரம் போய் இரண்டு முத்திரையையும் ஒரு கண்ணாடித் தட்டில் வைத்தார். எது நல்ல வேலை என்று பார்த்துச் சொல்லும்படி அவளிடம் கேட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பூதக்கண்ணாடியை வாங்கவில்லை. தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். முதல்முறையாக அவள் முகத்தில் கவலை போய்த் தொழில்காரியின் கவனம் வந்தது.

“இந்த ரெண்டாவது. நரம்பு எங்க சேருதுன்னே தெரியல பாருங்க. முதல்ல இருக்கறதை ஓட்டினவன் தூங்கிட்டான் போல.”

“முதல்ல இருக்கறது உங்க வீட்டுக்காரர் ஓட்டினது.”

“இருக்காது. அவர் இப்படி விடமாட்டார்.”

டீச்சர் ஒன்பது மாதக் கதையைச் சொன்னார். நிதானமாக, வகுப்பில் சொல்வதுபோல் ஒவ்வொரு படியாகச் சொன்னார். கோணல் ஏன் வந்தது, யாருக்குத் தெரியும், நேராக ஓட்டியவருக்கு எது தெரியாது. கடைசியில், இரண்டாவது முத்திரை எந்தக் குப்பியில் இருந்தது என்று சொன்னார்.

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. மறுபடி வெளிச்சத்துக்குத் தூக்கினாள். இந்த முறை வெகுநேரம் பார்த்தாள். எழுதினவர்களுக்குத் தங்கள் கையெழுத்து எப்படித் தெரிந்துவிடுமோ அப்படி அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணா, அன்னிக்கு நான் ஓட்டினது யாரோட ஆர்டர்?”

கிலுகிலுப்பைச் சத்தம் நின்றது.

“அவசரம், அவர் ஊர்ல இல்ல, ஒரே ஒரு ரோல், உன் கைதான் வேணும்னு சொன்ன. முதலாளியம்மா குழந்தையைக் கூட்டிட்டு வந்ததுக்குத் திட்டுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்ன. அது யாரோட ஆர்டர்?”

அவன் முதலில் இல்லை என்றான். பிறகு தனக்குத் தெரியாது என்றான். ரைட்டு பதிவேட்டின் நகலை அவன் முன்னால் வைத்தபிறகு வேறு மாதிரிப் பேசினான். ரோலைக் கேட்டவர்கள் சொந்தமாக ஒரு லேபிள் பட்டறை வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். எத்தனை வருடம் அடுத்தவன் ஸ்டோரைப் பூட்டித் திறப்பது. குப்பிக்குள் மலிவான மருந்து போடுவார்கள் என்றுதான் நினைத்தான். தண்ணீர் என்று சத்தியமாகத் தெரியாது. சொல்லச் சொல்ல அவன் கண்ணில் நீர் வந்தது. நேற்று வந்த அதே நீர்தான். நேற்றும் அது பொய் இல்லை என்று டீச்சருக்கு இப்போது புரிந்தது.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. இந்த நகலும் காவலாளியின் பேச்சும் போதுமா என்று ரைட்டு தாழ்ந்த குரலில் கேட்டார். போதாது என்று டீச்சர் சொன்னார். அதை அவளுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

“நான் கோர்ட்டுல சொன்னா அது என் சந்தேகம். அவரும் பேசமாட்டார். முத்திரையைப் பாத்த அன்னிக்கே அவருக்கு யார் கைன்னு தெரிஞ்சிருக்கு. மிஷின் முன்னாடி நின்னவங்க சொன்னாத்தான் அது சாட்சி.”

அண்ணன் எழுந்து தங்கைக்கு முன்னால் வந்து நின்றான். அவளை மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. ஒரு வீட்டுக் காரியத்தைப் பேசி முடிக்கிற குரலில் பேசினான்.

“யோசிச்சுப் பாரு. நீ வாயத் தொறந்தா நீயும் உள்ள போவ. உனக்குத் தெரியாதுன்னு யார் நம்புவா? எட்டு மாசக் குழந்தை. மாப்பிள்ளை பேசாம இருக்கறதே உனக்காகத்தான். அவர் இவ்வளவு தாங்கிக்கிட்டது வீணாப் போகணுமா? வக்கீல் வச்சு நான் அவரை மெதுவா வெளிய எடுக்கறேன்.”

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அந்த அறையில் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது. தன்னை அமர்த்தியவளே குற்றத்தில் கை வைத்தவள் என்றால் அவளை எந்தப் பக்கம் தள்ளுவது என்று டீச்சருக்கே தெரியவில்லை. ரைட்டு மட்டும், பஸ்ஸில் வயதானவர்களுக்கு நிறுத்தம் வருவதைச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார்.

“வண்டி கீழதான் நிக்குதும்மா. இருவது நிமிஷத்துல கோர்ட்டு.”

அவள் தட்டைச் சமையல் மேடையில் வைத்தாள். குழாயைத் திறந்து முகம் கழுவினாள். முடியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு ஜன்னலுக்குப் போய் ஈரமா காய்ந்ததா என்று பார்க்காமல் குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஒரு பையை எடுத்து அதில் அடுக்கினாள். சாயங்காலம் வரைக்கும் இரண்டு போதும் என்று ரைட்டு சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்தார். கம்பியில் தொங்கிய எல்லாத் துணியும் பைக்குள் போயிற்று. பால் பாட்டில், மூடி, சின்ன ஸ்பூன், காய்ச்சல் மருந்து, குழந்தை போர்த்திக்கொள்ளும் போர்வை. அலமாரியைத் திறந்து தன்னுடைய மாற்று உடை இரண்டையும் எடுத்து வைத்தாள்.

தரையில் குழந்தை அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தது. அவள் குனிந்து அதன் விரல்களை அவன் காலிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அவன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாவது முறையும் கூப்பிட்டான்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனைத் தாண்டி, கீழே நின்ற வண்டிக்குப் படியிறங்கிப் போனாள்.